அசோஸ்பைரில்லத்தை வயலுக்குக் கொண்டுவந்த டோபரைனர்

விதைப்பு நேரத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனால், விதையோடு அசோஸ்பைரில்லம் பொட்டலத்தையும் வாங்கிச் செல்லச் சொல்வார்கள். நெல், மக்காச்சோளம், கம்பு, கரும்பு என்று பல பயிர்களுக்கும் இது ஏற்றது என்பது நம் உழவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பலர் பொட்டலத்தையும் போட்டுவிட்டு, யூரியாவையும் வழக்கமான அளவில் ஒரு கிலோ குறையாமல் போடுகிறார்கள். அறுவடை முடிந்தபின் அந்தப் பொட்டலத்தால் என்ன பலன் கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை.

அந்தப் பொட்டலத்தில் இருக்கும் பாக்டீரியாவை உலகம் அறியச் செய்தவர் ஜொஹானா டோபரைனர் என்ற பிரேசில் நாட்டுப் பெண் விஞ்ஞானி. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் நுண்ணுயிரிகளைத் தேடுவதிலேயே அரை நூற்றாண்டைச் செலவிட்டவர். நல்ல பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அதை ஏற்றுக்கொண்டு பயன்பெறும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி என்பதே அவர் ஆராய்ச்சி நமக்குச் சொல்லும் செய்தி. மக்காச்சோளம் பயிரிடும் உழவர்களும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர்களும் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது பயன் தரும்.

மாடு கறந்த கைகள்

ஜொஹானா 1924-ம் ஆண்டு நவம்பர் 28-ந்தேதி, அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் ஊஸ்தி நாத் லாபெம் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மன் மொழி பேசும் குடும்பம். தந்தை பால் குபெல்கா வேதியியல் அறிஞர். பிராக் நகரில் வளர்ந்த ஜொஹானாவுக்கு இருபது வயதானபோது இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அதன்பின் அந்த நாட்டில் இருந்த ஜெர்மன் மொழி பேசுவோர் வெளியேற்றப்பட்டனர். குடும்பம் சிதறியது. தாய் தடுப்பு முகாமில் இறந்தார்.

ஜொஹானா தன் தாத்தா, பாட்டியுடன் ஜெர்மனிக்குச் சென்றார். அவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. ஒரு பண்ணையில் மாடு கறந்தார். வயலுக்கு எரு சுமந்து இறைத்தார். தாத்தாவும் பாட்டியும் இறந்தபின் ஜெர்மனியின் தெற்குப் பகுதிக்குச் சென்று, கோதுமை ரகங்களை மேம்படுத்தும் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். வேளாண்மை படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. 1947-ல் மியூனிக்கில் வேளாண் படிப்பில் சேர்ந்து 1950-ல் பட்டம் பெற்றார்.

படிக்கும்போது கால்நடை மருத்துவ மாணவரான யூர்கன் டோபரைனரைச் சந்தித்து, 1950-ல் மணந்தார். பிறகு இருவரும் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தனர். யூர்கன் பின்னாளில், மாடுகளைக் கொல்லும் விஷச் செடிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பிரேசிலில் பெயர் பெற்றார். ஜொஹானா 1956-ல் பிரேசில் குடியுரிமை பெற்றார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

பட்டின் பெயர் கொண்ட ஊர்

1951-ல் ஜொஹானாவுக்கு வேலை கிடைத்தது ரியோ டி ஜெனிரோ நகருக்கு வெளியே, செரோபெடிகா என்ற இடத்தில் இருந்த அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில். கண்ணமங்கலம், ஆரணி பகுதி மக்களுக்கு இந்த ஊரின் பெயரில் ஒரு நெருக்கம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அங்கே பட்டுப்புழு வளர்த்துப் பட்டு உற்பத்தி செய்யும் நிறுவனம் இருந்தது. பட்டைக் குறிக்கும் சொல்லில் இருந்தே ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. தறிச்சத்தமும் நெல், நிலக்கடலை வயல்களும் சேர்ந்தே இருக்கும் நம் ஊரைப்போல, பட்டும் பயிரும் சேர்ந்த வரலாறு அந்த ஊருக்கும் உண்டு.

ஜொஹானாவை வேலைக்கு எடுத்த அல்வாரோ ஃபகுண்டெஸ் அவரை மண் நுண்ணுயிரியல் பிரிவில் அமர்த்தினார். மண் நுண்ணுயிரிகளைப் பற்றி ஜொஹானாவுக்கு அதற்குமுன் அனுபவம் இல்லை. வெப்ப நாட்டு மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளைப் பற்றி அன்று உலகத்தில் அறிந்தவர்களும் மிகக் குறைவு. அப்போதைய ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளில் நடந்தவை.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது கரும்பு. கரும்பின் வேரை ஒட்டிய மண்ணில், காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் வெறும் மண்ணில் இருப்பதைவிட அதிகமாக இருந்தன. 1958-ல் அவரும் உடன் பணியாற்றியவரும் சேர்ந்து அவற்றில் ஒரு புதிய இனத்தை விவரித்தனர். பயறு வகைகளின் வேர் முடிச்சில்தான் இந்த வேலை நடக்கும், புல் இனப் பயிர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதே அன்று பரவலான கருத்து. கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் புல் இனம்தான். ஆகவே அவர் சொன்னதை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்து, 1963-ல் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அமில மண்ணில் மாங்கனீசு மிகுந்தால் பீன்ஸ் செடியின் வேர் முடிச்சு எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பது போன்ற, வயலை ஒட்டிய கேள்விகளையே ஆராய்ந்தார்.

சோயாவில் எடுத்த முடிவு

1960-களில் பிரேசில் அரசு சோயா மொச்சையைப் பெரிய அளவில் பயிரிடத் திட்டமிட்டது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. புதிய ரகங்களை உருவாக்கும்போது, ஆராய்ச்சி வயலில் தழைச்சத்து உரம் இட்டுத் தேர்வு செய்வதா, உரமிடாமல் ரைசோபிய பாக்டீரியாவை மட்டும் கொடுத்துத் தேர்வு செய்வதா? அதிக மகசூலுக்கு உரம் தேவை என்பதே அன்று செல்வாக்குள்ள கருத்தாக இருந்தது.

டோபரைனர் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். தென் மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லில் பணியாற்றிய ஜார்டிம் ஃப்ரேய்ரேவும் அதே கருத்தை வலியுறுத்தினார். காரணம் எளிமையானது. உரமிட்ட வயலில் எல்லாச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும். பாக்டீரியாவோடு நன்றாகக் கூட்டுச் சேரும் செடி எது, சேராத செடி எது என்பது தெரியாது. பாக்டீரியாவைப் பேணுவதற்குச் செடி தன் மாவுச்சத்தில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும். உரம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அந்தச் செலவு வீண். அப்படிப்பட்ட வயலில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், பாக்டீரியாவைச் சேர்த்துக்கொள்ளும் குணம் ரகத்தில் இருந்து மெல்ல நழுவிப்போகும். பிறகு உழவர் எத்தனை பொட்டலம் போட்டாலும் பயன் குறைவாகவே இருக்கும்.

பிரேசில் இவர்கள் சொன்ன வழியிலேயே சென்றது. ரகமும் ரைசோபியமும் சேர்த்தே தேர்வு செய்யப்பட்டன. சோயாவுக்கு ஒரு டன் மணி விளைய ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து தேவை. எக்டருக்கு 3 டன் விளைந்தால் 240 கிலோ. அதை யூரியாவாகக் கொடுப்பதென்றால் 520 கிலோவுக்கு மேல், அதாவது 45 கிலோ மூட்டையில் 11 மூட்டைக்கு மேல் வேண்டும். இன்று உலகிலேயே அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். அங்கே சோயா வயல்களில் மிகப் பெரும்பகுதிக்குத் தழைச்சத்து உரம் இடப்படுவதில்லை. விதையோடு பாக்டீரியா மட்டும் போகிறது. இதனால் அந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் மிச்சமாகும் உரச் செலவு பல நூறு கோடி டாலர்.

ஒரே புல்லில் இரண்டு வகை

பயறு இனத்தில் வெற்றி கண்டபின்னும் டோபரைனரின் மனம் புல் இனத்தில்தான் இருந்தது. செரோபெடிகா பகுதியில் பாஹியா புல் என்ற மேய்ச்சல் புல் சாதாரணமாக வளரும். 1966-ல் அதன் வேரில் அசோட்டோபேக்டர் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அந்தப் புல்லின் எல்லா வகைகளிலும் அது இருக்கவில்லை. பட்டாட்டைஸ் என்ற வகையின் வேரை அது விரும்பி ஒட்டியது. பக்கத்திலேயே வளரும் வேறு வகைகளில் அதைக் காண்பது அரிதாக இருந்தது.

இது அவருக்கு முக்கியமான தடயம். மண் ஒன்று, மழை ஒன்று, பார்வைக்குப் புல்லும் ஒன்று. ஆனாலும் எந்த வகைச் செடி என்பதே பாக்டீரியா தங்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பாவுக்குப் பொருந்தாத ஊடையை எடுத்தால் தறியில் நல்ல புடவை வராது என்பது நம் நெசவாளர்களுக்குத் தெரியும். பயிர் ரகத்துக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவும் அப்படித்தான்.

குழாய்க்குள் ஒரு வெண்திரை

1973-ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. அதோடு உர விலையும் ஏறியது. தழைச்சத்து உரத்தைத் தயாரிக்க எரிபொருள் ஏராளமாக வேண்டும். உரம் வாங்க வசதியில்லாத நாடுகள் மாற்று வழி தேடின. டோபரைனரின் அடுத்த ஆய்வு அந்த நேரத்தில்தான் வெளிவந்தது.

அவரும் இங்கிலாந்தில் இருந்து வந்த ஜான் டே என்ற விஞ்ஞானியும் மேய்ச்சல் புற்களின் வேரை ஆராய்ந்தபோது, வளைந்து நெளிந்து நீந்தும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் அதை 1925-லேயே பதிவு செய்திருந்தார். ஆனால் பிறகு அரை நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆய்வகத்தில் அதை வளர்ப்பது கடினமாக இருந்ததே காரணம்.

இந்தப் பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். ஆனால் காற்றில் இருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதி, ஆக்சிஜன் அதிகமானால் கெட்டுவிடும். ஆகவே காற்றோட்டமான ஊடகத்தில் தழைச்சத்தைப் பிடிக்காது. காற்றே இல்லாவிட்டால் வளராது. டோபரைனர் செய்தது இதுதான்: கெட்டியாகவும் இல்லாமல் நீராகவும் இல்லாமல், தளதளவென்று இருக்கும் கூழ் போன்ற ஊடகத்தைச் சிறு குழாயில் ஊற்றினார். அதில் தழைச்சத்து சிறிதும் சேர்க்கவில்லை. வேர்த் துண்டை அதில் இட்டால், பாக்டீரியா தனக்கு ஏற்ற அளவு ஆக்சிஜன் இருக்கும் ஆழத்துக்குத் தானே நீந்திச் சென்று நிற்கும். சில நாளில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெண்திரை தெரியும். அந்தத் திரை தெரிந்தால் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் உயிர் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறை இது. இந்தியா உட்பட உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்றும் அசோஸ்பைரில்லத்தைப் பிரித்தெடுக்க இதையே பயன்படுத்துகிறார்கள். 1978-ல் டோபரைனரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்தப் பாக்டீரியாவுக்கு அசோஸ்பைரில்லம் என்று பெயரிட்டனர். பெயரின் முற்பகுதி தழைச்சத்தையும், பிற்பகுதி சுருள் வடிவத்தையும் குறிக்கும். இதில் லிப்போஃபெரம், பிரேசிலென்ஸ் என்று இரண்டு இனங்களை அவர்கள் விவரித்தனர். இரண்டாவது பெயர் பிரேசில் நாட்டைக் குறிப்பது.

மக்காச்சோளத்தில் ரகத் தேர்வு

புல்லில் கண்டதை உணவுப் பயிரில் பார்க்க வேண்டும் என்பது அடுத்த கட்டம். ஃபான் பூலோ என்பவருடன் சேர்ந்து டோபரைனர் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார். ஒரு பிரேசில் ரகத்தில் இருந்து தன் மகரந்தச் சேர்க்கை மூலம் இருநூறுக்கும் மேற்பட்ட வழிகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் வேரிலும் நைட்ரஜனேஸ் நொதி எந்த அளவு வேலை செய்கிறது என்று அளந்தனர்.

அளக்கும் முறையும் சுவையானது. காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் அதே நொதி, அசிட்டிலின் வாயுவைக் கொடுத்தால் அதை எத்திலினாக மாற்றும். அசிட்டிலின் என்பது கார்பைடு கல்லில் இருந்து வரும் வாயு. எத்திலின் என்பது காய் பழுக்கும்போது பழமே வெளியிடும் வாயு. வேரை அசிட்டிலினோடு மூடி வைத்து, எவ்வளவு எத்திலின் உண்டாகிறது என்று பார்த்தால் நொதியின் வேகம் தெரிந்துவிடும்.

1975-ல் முடிவுகள் வெளியாயின. ஒரே தாய் ரகத்தில் இருந்து வந்த வழிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தது. சில வழிகள் தாய் ரகத்தை வெகுவாக மிஞ்சின. அப்படியானால், மகசூலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் ரகம் தேர்ந்தெடுப்பதைப்போல, பாக்டீரியாவோடு சேர்ந்து வாழும் திறனுக்கும் மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. மக்காச்சோளத்தை நுண்ணுயிரிக்கு ஏற்றபடி இனவிருத்தி செய்யும் முயற்சிகளுக்கு இது ஒரு முக்கியமான தொடக்கம்.

1980-ல் அவரும் பால்தானியும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு பாக்டீரியாவின் பக்கத்தைக் காட்டியது. மக்காச்சோளத்தின் வேருக்குள் பெரும்பாலும் லிப்போஃபெரம் இனம் குடியேறியது. நெல், கோதுமை வேர்களில் பிரேசிலென்ஸ் இனம் அதிகம் இருந்தது. எல்லாப் பயிருக்கும் ஒரே பாக்டீரியா என்ற எண்ணம் சரியல்ல என்பது இதிலிருந்து தெரிந்தது.

ஆரவாரத்துக்குப் பின்

1975-ல் எழுந்த ஆரவாரம் பெரிது. யூரியா இல்லாமலே மக்காச்சோளம் விளைந்துவிடும் என்று உலகெங்கும் செய்தித்தாள்கள் எழுதின. பல நாடுகளில் ஆய்வகங்கள் இந்த வேலையில் இறங்கின. சில ஆண்டுகளில் ஏமாற்றம் வந்தது. வேரை வெட்டி எடுத்து ஓர் இரவு வைத்திருந்து அளந்தபோது, அந்த இடைவெளியில் பாக்டீரியா பெருகிவிட்டதால் அளவு கூடுதலாகக் காட்டியது என்று பிற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினர். வயலில் உள்ளபடியே அளந்தபோது, மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லம் காற்றில் இருந்து பிடித்துத் தரும் தழைச்சத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

ஆனாலும் பாக்டீரியா இட்ட வயலில் பயிர் நன்றாகவே இருந்தது. காரணம் வேறாக இருந்தது. அசோஸ்பைரில்லம் பயிர் வளர்ச்சி ஊக்கிகளை, குறிப்பாக ஆக்சினைச் சுரக்கிறது. அதனால் பக்க வேர்களும் வேர்த் தூவிகளும் பெருகுகின்றன. அதிக மண்ணைத் தொடும் வேர் அதிக நீரையும், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தையும் எடுத்துக்கொள்கிறது. இஸ்ரேல் விஞ்ஞானி ஓகோனும் அவருடன் பணியாற்றியவரும் 20 ஆண்டு வயல் சோதனைகளைத் தொகுத்து 1994-ல் வெளியிட்டனர். 100 சோதனைகளில் 60 முதல் 70 வரை பலன் தந்திருந்தன. மகசூல் உயர்வு 5 முதல் 30 சதவீதம். ஒவ்வொரு வயலிலும் பலன் உறுதி என்று சொல்ல முடியாது, ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல என்பதே அந்தக் கணக்கின் பொருள்.

பலர் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டபோதும் டோபரைனர் செரோபெடிகாவில் தன் வேலையைத் தொடர்ந்தார். வேரின் வெளிப்புறத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் போட்டி அதிகம். செடியின் திசுவுக்குள்ளேயே தங்கும் பாக்டீரியா கிடைத்தால் அது பிடிக்கும் தழைச்சத்து நேரே செடிக்குப் போகும் என்பதால் அவற்றைத் தேடினார். 1980-களில் மக்காச்சோளம், சோளம், நெல் வேர்களில் இருந்து கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்குச் செரோபெடிகா ஊரின் பெயரே சூட்டப்பட்டது.

கரும்பு சொன்ன பதில்

பிரேசிலில் கரும்பு ரகங்கள் நீண்ட காலமாகவே குறைந்த தழைச்சத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் மாநிலத்தில் நடவுக் கரும்புக்கு எக்டருக்கு 250 கிலோவுக்கு மேல் தழைச்சத்து பரிந்துரைக்கிறோம். பிரேசிலில் இடுவது இதில் பாதிக்கும் குறைவு. பல ஆண்டுகளாக அப்படிச் செய்தும் மண் வளம் குன்றிவிடவில்லை, மகசூலும் சரிந்துவிடவில்லை. மீதித் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது?

1988-ல் கவல்காண்டே என்பவருடன் சேர்ந்து டோபரைனர் கரும்பின் வேரிலும் தண்டிலும் ஒரு புதிய பாக்டீரியாவைக் கண்டறிந்தார். குளுக்கோன் அசெட்டோபேக்டர் என்று இன்று அழைக்கப்படும் அது, 10 சதவீத சர்க்கரைக் கரைசலில் செழித்து வளரும். 30 சதவீதம் வரைகூடத் தாங்கும். கரும்புச் சாற்றுக்குள் வாழவே பிறந்தது போன்ற பாக்டீரியா. தமிழ்நாட்டில் கரும்புக்கு இன்று உயிர் உரமாகப் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான்.

செரோபெடிகாவில் சிமென்ட் தொட்டிகளில் பல ரகக் கரும்பை நட்டு, அடையாளமிட்ட தழைச்சத்தைக் கொண்டு கணக்கிட்டபோது, சில ரகங்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தில் பாதிக்கும் மேல் காற்றில் இருந்து பெற்றன. வேறு சில ரகங்கள் மிகக் குறைவாகவே பெற்றன. பாஹியா புல்லில் பார்த்த அதே பாடம் இங்கே இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உரம் குறைவாக இட்டுத் தேர்ந்தெடுத்த நாட்டில்தான் இந்தத் திறனுள்ள ரகங்கள் தங்கியிருந்தன.

1978-ல் வாடிகனில் உள்ள அறிவியல் கழகத்தில் டோபரைனருக்கு இடம் கிடைத்தது. 1989-ல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு கிடைத்தது. பல நாடுகளில் இருந்து வந்த மாணவர்கள் அவரிடம் பயின்றனர். 2000-ம் ஆண்டு அக்டோபர் 5-ந்தேதி, தான் பணியாற்றிய செரோபெடிகாவிலேயே காலமானார். வயது 75.

அவருக்குப் பின் மக்காச்சோளம்

அவருடைய வழியில் வந்த மரியாஞ்ஜெலா ஹங்ரியா என்ற பிரேசில் விஞ்ஞானி, மக்காச்சோளத்துக்கு ஏற்ற அசோஸ்பைரில்ல வகைகளைத் தேர்ந்தெடுத்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய வயல் சோதனைகளில் மக்காச்சோள மகசூல் 24 முதல் 30 சதவீதம் வரை கூடியது. இன்று பிரேசில் உழவர்கள் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 2025-ம் ஆண்டு உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

2018-ல் மெக்சிகோவில் இருந்து வந்த செய்தி டோபரைனரின் மக்காச்சோளத் தேடலை மீண்டும் நினைவூட்டியது. ஓஹாகா மாநில மலைப்பகுதியில் பழங்குடி உழவர்கள் வளமற்ற மண்ணில் பயிரிட்டு வரும் ஒரு நாட்டு மக்காச்சோளம், தண்டில் பல அடுக்காகக் காற்று வேர்களை விடுகிறது. அந்த வேர்களில் இருந்து கொழகொழப்பான பிசின் வடிகிறது. அதற்குள் வாழும் பாக்டீரியாக்கள் பயிருக்குத் தேவையான தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றில் இருந்து தருகின்றன. பாக்டீரியாவைப் பேணும் மக்காச்சோளம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது உரம் கொட்டிய வயலில் உருவாகவில்லை. இந்தக் குணத்தை மற்ற ரகங்களுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் இப்போது நடந்து வருகின்றன.

நம் வயலில் செய்ய வேண்டியது

நம் சந்தையில் கிடைக்கும் வீரிய ஒட்டு மக்காச்சோள ரகங்கள் பெரும்பாலும் முழு உரமிட்ட வயலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே பொட்டலத்தை மட்டும் நம்பி யூரியாவை அடியோடு நிறுத்துவது தவறு. அதேபோல, முழு யூரியாவையும் இட்டுவிட்டுப் பொட்டலத்தையும் போடுவது வீண். மண்ணில் அமோனியா மிகுந்திருந்தால் பாக்டீரியா தன் நைட்ரஜனேஸ் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து பரிந்துரை. இது யூரியாவாக ஏறத்தாழ 5 மூட்டை. அசோஸ்பைரில்லம் இடும்போது இதில் கால் பங்கைக் குறைத்துப் பார்க்கலாம். அடியுரம், இரண்டு மேலுரம் என மூன்று தவணையிலும் சமமாகக் குறைப்பது நல்லது. முதல் ஆண்டே முழு வயலிலும் செய்ய வேண்டாம். சில பார்களில் மட்டும் செய்து பாருங்கள்.

எக்டருக்கான விதைக்கு 3 பொட்டலம் (600 கிராம்) அசோஸ்பைரில்லத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். ஆனால் மக்காச்சோள விதை பெரும்பாலும் பூச்சி, பூஞ்சாண மருந்து பூசி, வண்ணம் ஏற்றியே விற்பனைக்கு வருகிறது. அந்த விதையில் பாக்டீரியாவைப் பூசினால் பெருமளவு இறந்துவிடும். அப்படிப்பட்ட விதை வாங்கியவர்கள், எக்டருக்கு 10 பொட்டலத்தை (2 கிலோ) 25 கிலோ மக்கிய தொழுஉரம், 25 கிலோ மண்ணுடன் கலந்து, ஈரமுள்ள நிலத்தில் இடுவதே சரி. ரசாயன உரத்தோடு சேர்த்து இடக்கூடாது.

பொட்டலம் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவ வடிவில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை இருக்காது. தொழுஉரம் இல்லாத, காய்ந்த நிலத்திலும் அது நிலைக்காது.

டோபரைனர் செய்ததைச் சிறிய அளவில் நம் வயலிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மூன்று ஒட்டு ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சில பார்கள் விதையுங்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்கு அசோஸ்பைரில்லம் இடுங்கள், பாதிக்கு வேண்டாம். எல்லாவற்றுக்கும் முக்கால் பங்கு யூரியா மட்டும் கொடுங்கள். பூக்கும் பருவத்தில் அடி இலைகளைப் பாருங்கள். தழைச்சத்து போதாத செடியில், இலையின் நுனியில் இருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சள் பாயும். அறுவடையில் ஒவ்வொரு பாரின் கதிர்களையும் தனியாக எடை போடுங்கள். பாக்டீரியா இட்ட பாதிக்கும் இடாத பாதிக்கும் எந்த ரகத்தில் வித்தியாசம் அதிகமோ, அது உங்கள் மண்ணில் பாக்டீரியாவோடு ஒத்துப்போகும் ரகம்.

விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் வட்டாரத்தில் பத்து உழவர்களிடம் இப்படி எடை குறித்து வாங்கினால், அது ஆராய்ச்சி நிலையங்களுக்கே பயன்படும் தகவல். புதிய ரகங்களைச் சோதிக்கும் இடங்களில் முழு உர வயலோடு, குறைந்த தழைச்சத்து வயலையும் சேர்க்க வேண்டும் என்று உழவர் குறைதீர்க்கும் கூட்டங்களிலும் கேட்கலாம். யூரியா மானிய விலையில் கிடைக்கும்வரை இந்தத் தேவை நமக்கு அவசரமாகத் தெரியாது. பிரேசில் இதை 1960-களிலேயே கேட்டது. அதன் பலனை அந்நாட்டு உழவர்கள் இன்றுவரை அறுவடை செய்கிறார்கள்.